பாட்டியார் வீட்டு மடக்கு மேசை

மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதங்களாகப் பதில் எழுதாமல் வைத்திருந்தோம். அவர் பொறுத்தருள்வாராக. அவர் கேட்டிருந்த கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே பதில் சொல்ல இயலாது. நேரில் போய், தரையில் மல்லாந்து படுத்து, ஒரு மேசையின் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே சொல்ல இயலும். அந்த வேலையை இப்பொழுதுதான் செய்து முடித்தோம். பெயர்களை மட்டும் விலக்கி மற்றவற்றை எழுதலாம் என்று அவரே இசைவு தந்திருக்கிறார்.

அவர்களுடைய பூர்வீக வீடு சாந்தோமில், கடற்கரைப் பக்கமாகத் திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. தாயார் காலமான பிறகு, அடுக்குமாடி கட்டுவோரிடம் வீட்டை ஒப்படைக்கப் பிள்ளைகள் மூவரும் உடன்பட்டுவிட்டார்கள். மூத்தவர் அடையாற்றில் குடியிருக்கிறார். அடுத்தவர் நம் சகோதரி; தி. நகரில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. இளையவர் அமெரிக்காவில், நியூஜெர்சியில். பாத்திரம் பண்டங்கள், கட்டில் பீரோ, திருவுருவப் படங்கள் எல்லாம் சண்டையின்றிப் பிரிந்துவிட்டன. எஞ்சி நின்றது ஒரு மேசை.

அது மடக்கு மேசை. நடுப்பலகை குறுகலானது. இரு பக்கமும் இரண்டு பலகைகள் கீலில் தொங்குகின்றன. அவற்றைத் தூக்கி, உள்ளிருந்து ஒரு காலை வெளியே சுழற்றி முட்டுக்கொடுத்தால் எட்டுப் பேர் அமர்ந்து உண்ணலாம். இறக்கிவிட்டால் சுவரோரம் ஒன்றரை அடி இடத்தில் அடங்கிவிடும். ஓரமெங்கும் பூவும் கொடியுமாகச் செதுக்கு வேலை.

“இது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மகோகனி மேசை, இருநூற்றைம்பது ஆண்டுப் பழமை என்று பாட்டியார் சொல்வார்” என்று எழுதியிருந்தார் சகோதரி. “பாட்டியாரின் மாமனார் ஒரு வெள்ளைக்காரர் கம்பெனியில் எழுத்தராக இருந்தாராம். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். என் தம்பி அங்கே ஓர் ஏலத்தில் இதே மாதிரி மேசையைப் பார்த்தானாம். அதன் விலையைக் கேட்டதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. எனக்கு மேசை வேண்டும், பணம் வேண்டாம். ஆனால் நான் எடுத்துக்கொண்டால் லட்சக்கணக்கான சொத்தை அபகரித்தவள் ஆவேன். அண்ணன் விற்றுப் பங்கு போட வேண்டும் என்கிறார். தம்பி தன் வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்கிறான். மூன்று மாதமாக அண்ணனும் நானும் பேசுவதில்லை. இந்த மேசை உண்மையில் என்ன என்று சொல்லுங்கள்.”

முதலில், அமெரிக்க மேசை என்றால் என்னவென்று தெரிந்துகொள்வோம். 1776-ஆம் ஆண்டுக்கு முன், ஆங்கிலேயரின் குடியேற்றங்களாக இருந்த பதின்மூன்று மாகாணங்களில் செய்யப்பட்ட சாமான்களைத்தான் அங்கே குடியேற்றக் காலத்தவை என்கிறார்கள். அக்காலத்து வீடுகளில் உண்பதற்கென்று தனி அறை இருப்பது அரிது. ஒரே கூடத்தில் சமையலும் நூல் நூற்பும் உறக்கமும் நடைபெறும். ஆகவே உண்ணும் வேளைக்கு விரிந்து, மற்ற வேளையில் சுவரோரம் ஒதுங்கும் மேசை அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. நம் தி. நகர்ச் சகோதரியின் நிலையும் அதுதானே! 17-ஆம் நூற்றாண்டில் இத்தகைய மேசைகளுக்குக் கடைசல் கால்களும், படலைப்போல் திறந்து மூடும் சட்டமும் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 1730-க்குப் பிறகு, முழங்கால் மடிந்தாற்போல் வளைந்த கால்கள் வந்தன. சிலவற்றின் பாதம் ஓர் உருண்டையைப் பற்றிய பறவை நகம்போல் இருக்கும். சீனத்துக் கடல்நாகம் முத்தைப் பற்றியிருக்கும் உருவத்தைப் பார்த்து ஐரோப்பியர் கற்ற வேலைப்பாடு அது என்பர்.

மகோகனி அந்தப் பதின்மூன்று மாகாணங்களில் விளைந்த மரம் அன்று. ஜமைக்கா, கியூபா, ஹோண்டுராஸ் முதலிய வெப்ப நாட்டுக் காடுகளிலிருந்து கப்பலேறி வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களே அக்காடுகளில் அதை வெட்டிச் சுமந்தார்கள். 1721-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்குரிய இறக்குமதி வரியை ஆங்கிலேயப் பாராளுமன்றம் நீக்கியது. அதன் பிறகே இம்மரம் செல்வர் வீடுகளை நிறைத்தது. பருத்த அடிமரம் ஆதலால், ஒட்டுப் போடாமல் ஒரே பலகையில் மேசையின் இறக்கை முழுவதையும் எடுக்கலாம். உளிக்கு நன்றாக இசையும், எளிதில் கோணாது, உளுக்காது. நியூபோர்ட் நகரில் டவுன்செண்ட், கொடார்ட் என்ற இரு குவேக்கர் குடும்பத்துத் தச்சர்கள் இம்மரத்தில் செய்தவை இன்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. இம்மரத்தின் தாவரவியல் பெயரான ஸ்வீட்டனியா, வியன்னாவில் பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவராக இருந்த கெரார்ட் வான் ஸ்வீட்டனை நினைவூட்டுவது. இவர் கத்தோலிக்கர் என்பதனால் தம் சொந்த ஹாலந்து நாட்டில் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டவர். இது நம் கதைக்கு வெளியே உள்ள செய்திதான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இத்தகைய மேசை ஒன்று சென்னைக்கு வந்திருக்கக் கூடுமா? அக்காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களின் கப்பல்கள் நேரே இந்தியாவுக்கு வந்து வாணிகம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. கீழ்த்திசை வாணிகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை. விடுதலை பெற்ற பிறகு, 1784-ஆம் ஆண்டின் இறுதியில்தான் முதல் அமெரிக்கக் கப்பல் புதுச்சேரியில் நங்கூரம் பாய்ச்சியது. அதற்கு முன் பொருள்கள் போன திசை நேர்மாறானது. 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1649-இல் பிறந்தவர். சென்னையில் பெருஞ்செல்வம் திரட்டி இங்கிலாந்து சேர்ந்த அவர், 1718-இல் கனெக்டிகட் மாகாணத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது மூட்டைச் சரக்குகளும் 417 நூல்களும் அனுப்பினார். அந்தச் சரக்கை விற்று வந்த பணத்தில் எழுந்த கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். அமெரிக்காவிலிருந்து நம் கரைக்கு வந்தது எது என்றால், எல்லாருக்கும் தெரிந்தது பனிக்கட்டி! பாஸ்டன் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டியதுதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ். பனிக்கட்டி வந்த கப்பலில் ஒரு மேசை வந்திருக்கக் கூடாதா என்று கேட்டால், வந்திருக்கலாம். ஆனால் ‘வந்திருக்கலாம்’ என்பதை வைத்துக்கொண்டு உடன்பிறந்தார் மூவர் பாகம் பிரிக்க இயலுமா?

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேசை நாற்காலி செய்ய நம் கடற்கரையினர் எவரிடமும் கடன் கேட்க வேண்டிய நிலையில் இல்லை. ‘நாற்காலி’ நம் சொல். ‘மேசை’ என்பதோ போர்ச்சுகீசியர் தந்த சொல். அலமாரி, ஜன்னல், சாவி, மேஸ்திரி என்பனவும் அப்படியே. 16-ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் வந்து குடியேறிய அவர்கள் பொருளின் வடிவத்தைக் காட்டினார்கள். நம் தச்சர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். ‘ஏலம்’ என்ற சொல்லும் அவர்கள் வழியாகவே வந்தது. இந்தக் குடும்பத்துக்கு வேண்டாத சொல் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது!

17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் கருங்காலி மரத்தில் நாற்காலிகளும் மேசைகளும் கட்டில்களும் செய்தார்கள். முறுக்கிய கயிறுபோன்ற கடைசல் தூண்கள். இடமெல்லாம் பூ, இலை, கிளி, கடற்கன்னி என்று நெருக்கமான செதுக்கு வேலை. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் அவற்றைக் கப்பலில் ஏற்றித் தம் நாடுகளுக்குக் கொண்டு போனார்கள். நூறு ஆண்டு கழிந்தது. அவை எங்கிருந்து வந்தன என்பது அங்கே எல்லாருக்கும் மறந்து போயிற்று. ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு, பழம்பொருள்களில் பெரும் ஈடுபாடு உடையவர். கர்தினால் உல்சி வாழ்ந்த மாளிகையில் இத்தகைய நாற்காலிகள் இருக்கக் கண்டு, இவை எட்டாம் ஹென்றி காலத்து ஆங்கிலத் தச்சர்களின் கைவேலை என்று முடிவு கட்டிவிட்டார். 1763-இல் ஓர் ஏலத்தில் நாற்காலிகளும் மேசைகளுமாக வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையை அழகு செய்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். பழைய ஆங்கிலக் கலைக்குச் சான்று என்று புத்தகங்களிலும் படம் வரைந்தார்கள். நம் கரையில் வெயிலில் அமர்ந்து உளி பிடித்தவர்களின் வேலை அது என்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகே ஆராய்ச்சியாளரால் தெளிவாயிற்று.

நம்முடையதை அவர்கள் தங்களுடையது என்று நம்பினார்கள். சாந்தோம் வீட்டுப் பாட்டியார் சொன்னது அதற்கு நேர்மாறான தவறாக இருக்குமோ என்ற ஐயம் கடிதத்தைப் படித்தபோதே நமக்கு எழுந்தது. ஐயம் மட்டும் போதாதே! ஆகவே மந்தைவெளியில் உள்ள ஒரு முதிய ஆசாரியாரை அழைத்துக்கொண்டு போனோம். எழுபது வயது கடந்தவர். சிறுவனாக இருந்தபோது, 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டுக்குத் தம் தந்தையுடன் சென்று பழைய சாமான்களைப் பழுது பார்த்தவர். அண்ணனும் தங்கையும் ஒரே கூடத்தில் ஒருவரையொருவர் பாராமல் நின்றுகொண்டிருந்தார்கள். இளையவர் கைப்பேசித் திரையில், நள்ளிரவில் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசாரியார் மேசையின் மேற்புறத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மேலே இருக்கிறதெல்லாம் பாலிஷ்காரன் சொல்லும் கதை, ஐயா. கீழே இருப்பதுதான் தச்சன் சொல்வது” என்று சொல்லிவிட்டு, துண்டை விரித்துப் படுத்து அடியில் நகர்ந்தார். நாமும் பின்தொடர்ந்தோம்.

வீட்டில் பழைய மேசை வைத்திருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் அவர் பார்த்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். முதலில் பலகையின் அடிமுகத்தில் ரம்பம் அறுத்த தடத்தைத் தடவினார். இருவர் மேலும் கீழுமாக நின்று இழுத்த பெரிய ரம்பமானால் கோடுகள் நேராக, ஆனால் ஒன்றுக்கொன்று சற்று ஏறுமாறாக இருக்கும். வட்ட ரம்பமானால் வில்போல் வளைந்த கோடுகள் இருக்கும். அது 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவிற்று. இங்கே இருந்தவை நேர்க்கோடுகள். இளையவர் முகம் மலர்ந்தது. “பொறுங்கள் தம்பி, எங்கள் ஊரில் கை ரம்பம் என் காலம் வரையில் ஓடியது” என்றார் ஆசாரியார்.

அடுத்தது திருகாணி. கீலைப் பிடித்திருந்த பித்தளைத் திருகாணிகளில் ஒன்றை மெல்லக் கழற்றினார். நுனி ஊசிபோல் கூராக இருந்தது. தலையில் உள்ள பிளவு நட்ட நடுவில், ஒரே ஆழத்தில் சென்றது. 18-ஆம் நூற்றாண்டுத் திருகாணி கையால் அராவிச் செய்தது. நுனி மழுங்கியிருக்கும், பிளவு ஓரம் சாய்ந்திருக்கும். கூர் நுனித் திருகாணி இயந்திரத்தில் பிறந்தது. 1840-களுக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமே என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மாற்றியிருந்தால் பழைய துளைகள் அடைக்கப்பட்ட தடம் இருக்க வேண்டும். கீலின் இருப்பிடத்தைச் சுற்றி வேறு அளவுக் குழி இருக்க வேண்டும். இங்கே கீலும் குழியும் மோதிரமும் விரலும்போல் பொருந்தியிருந்தன.

பிறகு மரம். மகோகனி செம்பழுப்பு, ஏறத்தாழச் சீரான நிறம். இந்த மேசையின் மேற்பலகையில் ஊதா கலந்த கரும்பழுப்பில் கறுப்பு வரிகள் ஓடின. ஒரு தொங்கு பலகையைக் கழற்றி அண்ணனின் கையில் கொடுத்தார் ஆசாரியார். அவர் தடுமாறிப் போனார். ஒரு கன அடி மகோகனி ஏறத்தாழ 17 கிலோ நிறை இருக்குமானால், ஈட்டி மரம் 24 கிலோ இருக்கும். தோதகத்தி என்றும் நூக்கு என்றும் நாம் சொல்லும் மரம் இதுவே. 1994-இல் இதைக் காக்கவே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அவ்வளவு வெட்டித் தீர்த்துவிட்டோம். உள் சட்டத்தைக் கத்தி நுனியால் ஒரு துளி சுரண்டி முகரச் சொன்னார். பழைய தோல்பையின் வாசனை. தேக்கு! அமெரிக்கத் தச்சன் கண்ணுக்குத் தெரியாத உட்பகுதிக்குத் தன் ஊரில் மலிவாகக் கிடைத்த பைன் மரத்தையோ மேப்பிள் மரத்தையோ வைத்திருப்பான். தேக்கு அவனுக்கு எங்கே கிடைக்கும்?

நடுப்பலகைக்கும் தொங்கு பலகைக்கும் இடையே உள்ள இணைப்பையும் அவர் காட்டினார். நடுப்பலகையின் ஓரம் கால்வட்டமாகக் குவிந்து, தொங்கு பலகையின் ஓரம் அதே அளவில் குழிந்து, இறக்கினாலும் ஏற்றினாலும் இடைவெளி தெரியாமல் ஒன்றையொன்று தழுவி நிற்கும். இரு நூற்றாண்டுகளாக உலகெங்கும் மடக்கு மேசைகள் இப்படித்தான் செய்யப்படுகின்றன. கீலின் நடுக்கம்பி அந்த வட்டத்தின் மையத்தில் ஒரு நூலிழை பிசகாமல் அமர வேண்டும். பிசகினால் பலகை கடிக்கும். “இதைச் செய்தவர் என்னைவிட நல்ல கைகாரர்” என்றார் அவர். அப்படி அவர் சொல்லிக் கேட்டது நமக்கு அதுவே முதல் தடவை.

கடைசியாக, சுழலும் காலைக் கழுந்திலிருந்து சற்றே விலக்கி, கைவிளக்கை உள்ளே காட்டச் சொன்னார். காலின் உச்சியில் உளியால் வெட்டிய ஒரு குறி. அது பொருந்தும் சட்டத்திலும் அதே குறி. ஆறு கால்கள், ஆறு குறிகள். முதலாவது ௧, அடுத்தது ௨, பிறகு ௩, ௪, ௫, ௬. எந்தக் கால் எந்தத் துளைக்கு உரியது என்று மறவாதிருக்கத் தச்சன் இட்டுக்கொண்ட அடையாளம். மேசை மூடிய பின் அதை எவர் கண்ணும் காணப் போவதில்லை. கூடத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. “அமெரிக்காவில் தமிழ் எண் எப்படியம்மா இருக்கும்?” என்று ஆசாரியார் அடியிலிருந்தே கேட்டார்.

ஆக, நாம் கண்ட முடிவு இதுதான். இந்த மேசை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையிலோ அருகிலோ, ஆங்கில மாதிரி ஒன்றைப் பார்த்து, தமிழ்த் தச்சர் ஒருவர் ஈட்டியிலும் தேக்கிலும் செய்தது. பாட்டியார் பொய் சொன்னார் என்பதன்று. துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது உண்மையாகவே இருக்கலாம். ஊர் திரும்பும் ஆங்கிலேயர் சாமான்களை ஏலத்தில் விடுவதும், வேலையாட்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவதும் அக்காலத்து வழக்கமே. துரை கொடுத்த பொருள் துரை நாட்டுப் பொருளாகத்தான் இருக்கும் என்று வீட்டார் எண்ணியிருப்பார்கள். நம் ஊரில் செய்தது என்று சொன்னால் அந்நாளில் யார் மதித்திருப்பார்கள்? இந்நாளிலும் அப்படித்தான் என்பது அடுத்த வாரமே தெரிந்தது. அண்ணன் பழைய சாமான் வாங்குவோர் இருவரிடம் விலை கேட்டார். ஒருவர் சொன்ன தொகை ஒரு புதிய குளிர்பதனப் பெட்டியின் விலைக்குக் கூட எட்டவில்லை. மற்றவர் அதைவிடச் சற்று கூட்டிச் சொன்னார்.

அமெரிக்கச் சகோதரர் தம் ஆசையை உடனே விடவில்லை. “அம்மா உண்ட மேசை, எதுவானால் என்ன, அனுப்பிவையுங்கள்” என்றார். அந்த அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இங்கே ஒரு சட்டம் குறுக்கிடுகிறது. வாசகர் பலர் இதை அறிய மாட்டார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. பழையதாகத் தோன்றும் பொருளை அனுப்ப விரும்புவோர், அது தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற வேண்டும். போதாக்குறைக்கு, 2017 முதல் ஈட்டி மரத்தின் இனம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது. அமெரிக்க மேசை என்று பெயர் பெற்ற ஒன்று, நம் மண்ணில் பிறந்ததனாலேயே அமெரிக்கா போக முடியாமல் நிற்கிறது! இளையவர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், “அக்காவிடமே இருக்கட்டும், நான் வரும்போது அதில்தான் சாப்பாடு போட வேண்டும்” என்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் ஓர் இழப்பை மறைக்கலாகாது. நாம் போவதற்கு முன்பே, விற்பனைக்கு அழகாக இருக்கட்டும் என்று அண்ணன் ஒரு தொங்கு பலகையை மட்டும் பாலிஷ் போடக் கொடுத்திருந்தார். அவர்கள் இயந்திரத்தில் மணல்தாள் பூட்டி ஓட்டி, மேல்தோலை ஒரு நூல் கனம் உரித்துவிட்டு, பளபளவென்று ரசாயனப் பூச்சு பூசிக் கொடுத்துவிட்டார்கள். ஓரத்துப் பூக்களின் இதழ்கள் மழுங்கிப் போயின. அந்தப் பலகையில்தான் தாயார் ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கல்கல் உருட்டுவாராம். சூடான இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்ததால் ஏற்பட்ட முக்கோணத் தழும்பு ஒன்றும் அதில் இருந்ததாம். அதை வைத்தவள் பன்னிரண்டு வயதில் நம் சகோதரி. பழியை ஏற்று அடி வாங்கியவர் அண்ணன். தழும்பு இப்போது இல்லை. “அது போய்விட்டதே அண்ணா” என்று தங்கை சொன்னதுதான் மூன்று மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு. அண்ணன் பதில் சொல்லாமல் அந்தப் பலகையைத் தடவிக்கொண்டே நின்றார்.

நூறு ஆண்டாகக் கைகள் பட்டு, எண்ணெய் ஊறி, காற்றும் ஒளியும் குடித்து மரத்தின் மேல் படியும் நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உரித்த பின் திரும்பவும் வராது. அழுக்கிருந்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை தேன்மெழுகு மெல்லப் பூசித் தேய்த்தால் போதும். பழைய பூச்சு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியதாக இருக்கும். அது ஓரிடத்தில் கெட்டிருந்தால் அந்த முறை அறிந்தவரைக் கொண்டு அவ்விடத்தை மட்டும் சரிசெய்யலாம். வெயில் படும் ஜன்னல் அருகே வைக்காதீர்கள். தரை கழுவும் நீர் கால்களில் தேங்க விடாதீர்கள்; சென்னையில் கரையான் ஏறுவது அந்த வழியில்தான். காலடியில் மாவுபோல் தூள் உதிர்ந்திருந்தால் உளு வேலை செய்கிறது என்று பொருள், அன்றைக்கே கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பதானாலும் கொடுப்பதானாலும் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு தக்கவர் ஒருவரிடம் காட்டுங்கள். அதன் பிறகு பாலிஷ்காரரை அழைப்பதா வேண்டாமா என்று யோசியுங்கள்.

மகோகனி மேசை வேண்டும் என்றே ஏங்குவோருக்கும் ஒரு செய்தி உண்டு. 1795-ஆம் ஆண்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மகோகனி கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று சென்னையின் பழைய கல்லூரி வளாகங்களிலும் சாலையோரங்களிலும் அம்மரம் வளர்ந்து நிற்கிறது. மாங்காயளவு மரக்காய் வெடித்து, சிறகுள்ள விதைகள் சுழன்று சுழன்று விழும். குழந்தைகளுக்குக் காட்டினால் மகிழ்வார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மேசை தி. நகர் போய்ச் சேர்ந்தது. மின்தூக்கியில் நுழையவில்லை. தூக்க வந்த ஆட்கள் இருவர், கால்களைக் கழற்றினால்தான் ஆகும் என்றார்கள். ஆசாரியார் மறுத்துவிட்டார். இறக்கைகளை இறக்கிக் கயிற்றால் கட்டி, படிக்கட்டு வழியே மூன்று மாடியும் தூக்கினார்கள். கடைசித் திருப்பத்தில் ஆள் போதாமல் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தார். கைப்பிடிச் சுவருக்கும் மேசைக்கும் இடையே இரண்டு அங்குலம் மிச்சமிருந்தது.